போட்டியின்றித் தேர்வு

கடலோரக் கட்டடப் பொறியாளர் சங்கத் தலைவர் என்றால் ஏதோ கலெக்டர் உத்தியோகம் என்று நினைத்துவிட வேண்டாம். சம்பளம் கிடையாது. மாதக் கூட்டத்தில் மேடையில் நடு நாற்காலி, சிமெண்ட் கம்பெனிக்காரர் போடும் சால்வை, கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குக் கீழே ஒரு வரி. அவ்வளவுதான். இதற்குப் போய் ஒரு மனுஷன் ஆலாய்ப் பறப்பானா என்றால், மரக்காணம் அந்தோணிசாமி பறந்தார்.

பறந்ததற்குக் காரணம் இருந்தது. மூன்று முறை தலைவராக இருந்த சிவஞானம் அவருடைய சிநேகிதர், காலேஜில் ஒரே பெஞ்ச். ஒவ்வொரு தேர்தலுக்கு முன்னாலும் சிவஞானம் அவர் தோளில் கை போட்டு, "இந்த ஒரு வாட்டி நான் இருந்துக்கறேம்பா. அடுத்த வாட்டி நீதான், நானே முன்மொழியறேன்" என்பார். அந்தோணிசாமியும் மண்டையை ஆட்டிவிட்டு வருவார். இந்த வருடமும் கை தோளுக்கு வந்தது. தட்டிவிட்டார். யாரிடமும் சொல்லாமல் போய் மனு தாக்கல் செய்தார். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றுபோனது.

பிறகு நடந்த கூத்தைக் கேட்க வேண்டுமா? ஒருவர் காலையில் பொம்மையார்பாளையம் போய் ஓட்டுக் கேட்டால் மற்றவர் சாயங்காலம் அங்கே நிற்பார். இரும்பையில் ஓர் உறுப்பினர் வீட்டில் காதுகுத்து என்றால் இருவரும் மொய்க் கவரோடு ஆஜர். அறுபதை எட்டப்போகிற வயதில், வெயிலென்றும் பார்க்காமல் இப்படி அலைந்தார்கள்.

தேர்தலுக்கு முந்தின வாரம் உப்பளத்தை ஒட்டி ஒரு குடோனுக்கு அந்தோணிசாமி ரூஃப் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தார். ஆரம்பித்துவிட்டால் பாதியில் விட்டு நகர முடியாத வேலை. உச்சி வெயில். மிக்சர் மெஷின் சத்தத்துக்கு நடுவே சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். சிவஞானம்.

'வந்துட்டான்யா. தோத்துருவோம்னு தெரிஞ்சுபோச்சு, வாபஸ் வாங்குன்னு கெஞ்சப்போறான்' என்று நினைத்தார். மனசு கொஞ்சம் குளிர்ந்தது, பொய் சொல்லக் கூடாது. அடிக்கட்டும் என்று விட்டார். மறுபடி அடித்தது. சைலண்டில் போட்டுப் பைக்குள் தள்ளினார்.

கொஞ்ச நேரம் கழித்து, உப்பு வாரிக்கொண்டிருந்த தனக்கோடி என்கிற பெண் வரப்பு மேல் ஓடிவந்தாள். "சார், ரோட்டோரம் கார்ல ஒருத்தரு சாஞ்சு கெடக்கறாரு. கூப்ட்டா ஏந்திரிக்கல. பேனர்ல பாத்த ஒங்க சங்கத்துத் தலைவரு மாதிரி இருக்குது."

கூப்பிடு தூரம்தான். கான்கிரீட்டை அப்படியே போட்டுவிட்டு அந்தோணிசாமி ஓடினார். பிரம்மதேசத்தில் ஓட்டுக் கேட்டுவிட்டுத் திரும்பும் வழியில் நெஞ்சு வலி வந்து, சிவஞானம் வண்டியை ஓரம் கட்டியிருக்கிறார். மடியில் போட்டுக்கொண்டு "டேய் ஞானம், டேய்" என்று கன்னத்தைத் தட்டினார் அந்தோணிசாமி. உயிர் போய் நேரமாகிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

களத்தில் இருந்ததே இரண்டு பேர். ஒருவர் போய்விட்டதால் இன்னொருவர் போட்டியின்றித் தேர்வு. எனக்கு வேண்டாம் என்று அவர் சொல்லத்தான் செய்தார். "சங்கத்த அனாதையா உட முடியுமா சார்?" என்று செயலாளர் மணிகண்டன் கேட்டதும் சும்மா இருந்துவிட்டார். மறுநாள் மணிகண்டன் கண்ணீர் அஞ்சலி பேனரின் மாதிரியை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். மேலே சிவஞானம் சிரிக்கிறார். கீழே 'பொறியாளர் அந்தோணிசாமி, தலைவர்'. அதைப் பார்த்ததும் ஒரு நொடி சந்தோஷம் வந்தது. வந்தே விட்டது. அப்புறம் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

ஊரெல்லாம் அவரைத்தான் புகழ்ந்தது. "எதிர்த்து நின்னாலும் ஒரு போனுக்கு ஓடனாரு பாரு, அதான் சிநேகிதம்" என்றார்கள். சிவஞானத்தின் போனில் கடைசியாகக் கூப்பிட்ட பெயர் அவருடையது. மடியில் தாங்கியவரும் அவர். இரண்டையும் சேர்த்து ஊரே ஒரு கதை கட்டிக்கொண்டது. அப்படி இல்லை என்று சொல்ல அவர் வாயைத் திறக்கவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள், சங்கத்தின் இரங்கல் கூட்டத்துக்கு அழைக்கத் தலைவர் என்ற முறையில் அவர்தான் போக வேண்டியிருந்தது. சிவஞானத்தின் மனைவி அம்சவல்லி ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கணும். எல்லாரும் போவட்டும்னு இருந்தேன்."

"கேளும்மா."

"அவரு எனக்குக் கூப்பிடல. புள்ளைக்குக் கூப்பிடல. ஒங்களுக்குத்தான் கூப்பிட்டிருக்காரு. கடைசியா என்னா சொன்னாரு? ரொம்ப வலிக்குதுன்னாரா? எங்களப் பத்தி எதுனா சொன்னாரா?"

ஏதாவது சொல்லியிருக்கலாம். உன் பெயரைச் சொன்னான் என்று ஒரு வார்த்தை போதும், காலத்துக்கும் அதைப் பிடித்துக்கொண்டு இருந்துவிடுவாள். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"நான் போனை எடுக்கலம்மா."

அவள் புரியாமல் பார்த்தாள். "டவர் இல்லியா? உப்பளத்துல சரியா கெடைக்காதுதான்."

அவளே வழி விடுகிறாள் என்று தெரிந்தது. பாழாய்ப்போன அந்த வழியில் போக அவருக்குக் கால் வரவில்லை.

"டவர் இருந்துச்சு. அவன் பேரப் பாத்தேன். வேணும்னுதான் எடுக்கல. எலக்சன்லேர்ந்து வெலகிக்கன்னு கேப்பான்னு நெனச்சேன்."

"எலக்சனா?" என்று மெதுவாகக் கேட்டாள் அம்சவல்லி. பிறகு எழுந்து, அவர் குடிக்காமல் வைத்திருந்த மோரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.