கமலம் வகுப்பறை

கல்கத்தாவில் டாலிகஞ்ச் மெட்ரோவுக்குப் பின்சந்தில் இருக்கும் அந்தத் தமிழ்ப் பள்ளியின் மற்ற வகுப்பறைகளைப் பார்த்தால் பெற்றோர் முகம் சுளிப்பார்கள். இரண்டாம் வகுப்பு அறைக்கு வந்ததும் அதே முகம் மலரும். சுவரே தெரியாதபடி நாலு பக்கமும் தேக்கு நிறத்தில் பிளைவுட் பலகை, கதவுக்கு மேலே பித்தளையில் 'கமலம் வகுப்பறை'. கரியாஹாட்டில் மளிகைக்கடை வைத்திருக்கும் பெத்துராஜ் அண்ணாச்சி, மனைவி கமலம் தவறிப்போன வருஷம் செய்து கொடுத்தது. ஓதம் அடித்து ஈரம் ஊறிய சுவரிலிருந்து காரை உதிர்ந்து பிள்ளைகள் தலையில் விழுகிறது என்று யாரோ சொல்ல, மனுஷர் அழகாக மூடிவிட்டார். ஓதம் உள்ளேயே இருந்துவிட்டது. அதை யாரும் யோசிக்கவில்லை.

அந்த வகுப்பு தனக்குக் கிடைத்தபோது வித்யாலக்ஷ்மி டீச்சருக்குப் பெருமை பிடிபடவில்லை. மழைக்காலம் வந்ததும் அந்தப் பெருமை கொஞ்சம் இறங்கியது. பாடம் நடத்தும்போது ஒரு பக்கம் இருமல் நின்றால் மறுபக்கம் கிளம்பும். முன்பெஞ்சில் உட்காரும் சரிதாவுக்கு மட்டும் இருமலோடு நிற்காது. மூச்சு விசிலடிக்கும், தோள் இரண்டும் ஏறி இறங்கும். அந்தச் சின்ன உடம்பு காற்றுக்கு அல்லாடுவதைப் பார்க்கும்போது டீச்சர் பாடத்தை நிறுத்திவிடுவாள்.

காரணம் என்ன என்று கேட்டால் கல்கத்தாவில் பதில் தயார். குளிர்! இந்த ஊரில் விசிறி ஒரு சுற்று மெதுவாகச் சுற்றினாலே குரங்குக் குல்லாய் வெளியே வந்துவிடும். வங்காளி ஆயா, தமிழ் அம்மாக்கள், தலைமையாசிரியர் மஹாதேவன் எல்லாரும் இந்த விஷயத்தில் ஒரே கட்சி. "டாண்டா லெகே ஜாபே", குளிர் பிடித்துக்கொள்ளும் என்று ஆயா சொல்ல, சன்னல்கள் சாத்தப்பட்டன. இருமல் கூடியது. குளிர் எங்கேயோ நுழைகிறது என்று மஹாதேவன் சன்னல் இடுக்கில் டேப் ஒட்டினார். இருமல் இன்னும் கூடியது. அவர் இன்னும் கொஞ்சம் டேப் வாங்கினார்.

துர்க்கா பூஜை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம், சரிதாவின் அம்மா மஞ்சுளா வாசலிலேயே டீச்சரைப் பிடித்துக்கொண்டாள்.

"லீவு பூரா ஹவுரால எங்கக்கா வீட்டுல இருந்தோம் டீச்சர். சுத்தி பட்டறைப் புகை. அதுக்குள்ள சரிதா ஓடி விளையாடினா. ஒரு இருமல் இல்ல. இங்க வந்து நாலு நாள்ல மறுபடியும் பம்ப் வெச்சு இழுக்க வேண்டியிருக்கு. இன்னொரு தடவ இப்படி வந்தா அட்மிட் பண்ணணும்னு டாக்டர் சொல்லிட்டார். எனக்குப் பயமா இருக்கு."

பட்டறைப் புகையைத் தாங்குகிற நெஞ்சு பள்ளிக்கூடத்தைத் தாங்கவில்லையா? வித்யாலக்ஷ்மிக்கு அன்று பாடத்தில் மனசு ஓடவில்லை. பிள்ளைகள் போனபிறகு, சன்னலோரம் உப்பியிருந்த பலகையை விலக்கி, செல்போன் வெளிச்சத்தை உள்ளே விட்டாள். பலகையின் பின்புறம் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சணம். ஊறிப்போன சாக்கு நாற்றம் முகத்தில் அடித்தது. மழைக்காலம் முழுக்கப் பிள்ளைகளை இதற்குள் உட்கார வைத்துச் சன்னலையும் சாத்தியிருக்கிறோமே என்று நினைத்தாள்.

நேராக மஹாதேவனிடம் போய்ச் சொன்னாள்.

"தெரியும்மா. எனக்கும் மூக்கு இருக்கு" என்றார் அவர், தலையை நிமிர்த்தாமல்.

"அப்போ பலகைய எடுத்துடலாமே சார்?"

"யார் போய் அண்ணாச்சிகிட்ட சொல்றது? கோவிச்சுண்டா பரவாயில்லேம்மா, சமாளிச்சுக்கலாம். அவர் அழுதுடுவார். அந்தப் பலகையத் தொட்டுப் பார்த்துட்டு நிப்பாரே, நீயே பார்த்திருக்கியோன்னோ?"

பார்த்திருக்கிறாள். அதனால்தான் அவளும் வாயை மூடிக்கொண்டு வந்தாள். இரண்டு வாரம் போயிற்று. சரிதா வந்த நாளைவிட வராத நாளே அதிகம்.

கமலத்தின் திதி வந்தது. வருஷா வருஷம் போல அண்ணாச்சி மல்லிகைச் சரமும், பிள்ளைகளுக்கு மைசூர்பாகும், தூபக்காலும் எடுத்துக்கொண்டு வந்தார். சரத்தைப் பலகையில் மாட்டினார். கொஞ்ச நேரம் உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு தூபக்காலில் இருந்த கனலை ஊதி, சாம்பிராணிப் பொட்டலத்தைப் பிரித்தார். சன்னல்கள் டேப்போடு இறுக மூடியிருந்தன. முன்பெஞ்சில் சரிதாவின் தோள்கள் ஏற்கெனவே ஏறி இறங்கத் தொடங்கியிருந்தன.

"அண்ணாச்சி, வேண்டாம்" என்றாள் வித்யாலக்ஷ்மி.

அவர் கை அப்படியே நின்றது. வாசலில் நின்ற மஹாதேவனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"கோவிச்சுக்காதீங்கோ. இந்த ரூம்ல புகை போடாதீங்கோ. ஏற்கெனவே இங்க காத்து கெட்டுப்போயிருக்கு. உங்க பலகைக்குப் பின்னாடி பூஞ்சணம். இந்தக் குழந்தைக்கு மூச்சு விட முடியல."

"பின்னாடியா?" என்றார் அண்ணாச்சி.

சாம்பிராணியைச் சட்டைப்பையில் போட்டார். டீச்சர் காட்டிய இடத்துக்குப் போய், உப்பிய விளிம்பில் இரண்டு கை விரல்களையும் கொடுத்து இழுத்தார். ஊறிப்போன பலகை அதிகம் மல்லுக்கு நிற்கவில்லை, ஆணியோடு பெயர்ந்து வந்தது. நாற்றம் அறை முழுக்கப் பரவ, பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள். அண்ணாச்சி பொத்தவில்லை. கறுத்துக் கிடந்த சுவரையும், அதற்கு முதுகைக் கொடுத்துப் போட்டிருந்த பெஞ்சுகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கடையில அரிசி மூடையைக்கூட நான் சுவத்துல சாய்ச்சு வைக்க மாட்டேன், டீச்சரம்மா" என்றார். "ஓதம் ஏறும், புழுத்துரும்னு ஒரு கை எடம் விட்டுத்தான் அடுக்குவேன். பிள்ளைகள சாய்ச்சு வச்சிருக்கேனே."

கண்ணில் வழிந்ததை அவர் துடைத்துக்கொள்ளவில்லை. முன்பெஞ்சுக்கு வந்து சரிதாவின் புத்தகப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவள் கையைப் பிடித்து, வராந்தா வெயிலுக்கு மெதுவாக நடத்திக்கொண்டு போனார்.