ஓரெஸ்ட் ஃபர்னஸைச் சரிசெய்த காலை

கனடாவின் யார்க்டனில் அன்று காலை மைனஸ் முப்பத்தாறு டிகிரி. அந்தக் குளிரிலும் ஓரெஸ்ட் பனி வாரும் எந்திரத்தை உருட்டிக்கொண்டு வாசல் பனியை வாரி எறிந்தான். பக்கத்து வீட்டு மைரன் ஓரெஸ்டின் மனைவி லெஸ்யாவின் தம்பி; வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ்களைப் பழுதுபார்க்கும் மெக்கானிக். அவன் பக்கம் ஒரு பொட்டுப் பனி விழுந்தாலும் கௌரவக் குறைச்சல் என்று ஓரெஸ்ட் எந்திரத்தின் பனி துப்பும் மூக்கைத் தன் வீட்டுச் சுவரை நோக்கியே திருப்பி வைத்திருந்தான்.

உள்ளே வந்து பூட்ஸைக் கழற்றுவதற்குள் ஃபர்னஸ் நின்றுவிட்டது.

"மைரனக் கூப்பிடுங்க" என்றாள் லெஸ்யா.

"அவன் கை என் ஃபர்னஸ் மேல பட்டா, மீசைய எடுத்துடறேன்!"

குளிர்காலத்துக்கு முன்பே, "அத்தான், ஒரு தடவ சர்வீஸ் பண்ணித் தரேன்" என்று மைரன் கேட்டான். "எனக்குத் தெரியாததா?" என்று சர்ச் விருந்தில் பத்துப் பேர் முன்னால் இவன் வாய்விட்டான். இப்போது கூப்பிட்டால் மானம் கப்பலேறிவிடும்.

பேஸ்மென்டுக்கு இறங்கினான். ஃபில்டரை மாற்றினான். தீயை உணரும் கம்பியைத் தேய்த்தான். ஃபர்னஸ் முனகியது, 'டிக்' என்றது, அடங்கியது. சிவப்பு விளக்கு மூன்று முறை சிமிட்டியது. அதற்கு என்ன அர்த்தம் என்று ஃபர்னஸின் கதவிலேயே அச்சிட்டிருந்தது. அதன்மேல் ஹாக்கி அட்டவணையை ஒட்டி மறைத்த புண்ணியவானும் இவன்தான்.

மேலே லெஸ்யா கோட்டோடு பெரோகிக் கொழுக்கட்டை வேகவைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே, ஃபர்னஸ் மூச்சுவிடும் குழாயிலிருந்து எப்போதும் எழும் ஆவியைக் காணோம். எட்டிப் பார்த்தாள். குழாய் இருந்த இடத்தில், ஓரெஸ்ட் வாரி எறிந்த பனி இடுப்பளவு.

"கட்டின மகராசா!" என்று முணுமுணுத்தபடி மண்வாரியை எடுத்தாள்.

அவள் குழாயின் வாயைத் திறந்துவிட்ட நேரமும், ஓரெஸ்ட் பொறுமையிழந்து ஸ்பானரால் ஃபர்னஸை ஒரு போடு போட்ட நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டன. குப்பென்று நீலத் தீ பற்றியது. அங்கிருந்தே மைரனுக்குப் போன் போட்டான்.

"மச்சான், ஃபர்னஸ் நின்னு போச்சு. நானே சரி பண்ணிட்டேன்!"

"பார்த்தேன் அத்தான், ஜன்னல் வழியா." மைரன் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டான். "அக்கா கையுறை நனைஞ்சிருக்கும். காய வைங்க."

மேலே வந்தான். வெப்பக் காற்று வரும் துவாரத்தின் மேல் அவள் கையுறைகள் கிடந்தன. வெளியே பனியில் ஒரு குழி, அதற்குள்ளிருந்து ஆவி. அவனுக்கு வெட்கமாக இருந்தது. அவள்மேல் பிரியம் பொங்கியது.

"சரியாயிடுச்சா? கெட்டிக்காரர்தான்" என்றாள் லெஸ்யா, ஒன்றும் தெரியாதவள்போல.

அவன் கையுறைகளைப் புரட்டி மறுபக்கம் காயவைத்தான். பத்தொன்பது டிகிரிக்கு மேல் அவள் ஒரு டிகிரி ஏற்றினாலும் சண்டைக்கு வருகிறவன், தானே போய்த் தெர்மோஸ்டாட்டை இருபத்திரண்டில் வைத்தான்.