வரகரிசிக்குப் பத்து நிமிடம்

மனித குலத்தின் எதிர்காலம் வரகரிசியில்தான் இருக்கிறது என்று அவர் அறிவித்தார். நர்ஸ் வேலை பார்க்கும் அவருடைய மனைவியின் எதிர்காலமோ ஏழே முக்கால் பஸ்ஸில் இருந்தது. அதற்குள் மதியச் சாப்பாடு டப்பாவில் ஏறியாக வேண்டும்.

"விடுங்க, நானே அடுப்புல வச்சுக்கறேன்."

"நீ அடுப்படியில வேகற காலமெல்லாம் மலையேறிப் போச்சு. போய் உட்காரு. பத்தே நிமிஷம்."

புது கரண்ட் குக்கரைத் திறந்து வரகரிசியைக் கொட்டினார். தண்ணீரை அளந்து ஊற்றினார். மூடிவிட்டு, கொடியேற்றுகிறவரைப் போல நிமிர்ந்து நின்று பொத்தானை அழுத்தினார்.

'டப்' என்றது. வீட்டில் கரண்ட் போயிற்று. குக்கரின் அடியிலிருந்து தண்ணீர் வழிந்தது.

உடனே சர்வீஸ் நம்பருக்குப் போன் போட்டார். "ஓட்டைக் குக்கரை என் தலையில கட்டிட்டீங்களேய்யா! யார்கிட்ட விளையாடறீங்க?"

"அந்த ஆள்மேல ஏன் எரிஞ்சு விழறீங்க?" மனைவி பல்லைக் கடித்தாள். "சாயங்காலம் வரைக்கும் நான் பட்டினி. அதுக்கு யாரு பதில் சொல்றது?"

"மெஷின் விஷயம் உனக்குப் புரியாது. பேசாம இரு."

காலி டப்பாவைக் கையில் எடுத்தவள், சமையல் மேடையைப் பார்த்து நின்றுவிட்டாள். குக்கருக்குள் வைக்க வேண்டிய பாத்திரம், காலையில் அவரே கழுவித் துடைத்து வைத்தபடியே, அங்கே கவிழ்ந்திருந்தது.