கையசைத்தவர்கள்

காலை ஆறே முக்கால். சுற்றுலாக் கப்பலின் ரப்பர் படகு இசபெலா தீவின் கரும்பாறைகளை ஒட்டி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. எரிமலைக் குழம்பு கடலில் இறங்கி உறைந்த இடம். பாறையின் நிறத்திலேயே கடல் உடும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அவ்வப்போது ஏதாவதொன்று மூக்கு வழியாக உப்பைச் சீறியது. ஒவ்வொரு சீறலுக்கும் பயணிகள் எட்டுப் பேரும் சிரித்தார்கள். வழிகாட்டி நெரெய்தா ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தாள்.

பின்னால் மோட்டாரைப் பிடித்திருந்த வில்மர் ஸ்பானிய மொழியில் தாழ்ந்த குரலில் சொன்னான்.

"நெரெய்தா, அங்க பாரு. உங்கப்பா படகு."

அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள். முனைக்கு அப்பால் பச்சைப் படகு. அதில் அப்பா எலியேசர் வெற்றுடம்போடு எழுந்து நின்று, மஞ்சள் சட்டையைத் தலைக்குமேல் ஆட்டிக்கொண்டிருந்தார்.

போன மாதமும் இப்படித்தான் நின்றார். இரண்டு கையிலும் சிங்கி இறாலைத் தூக்கிப் பிடித்து, "என் மக! என் மக!" என்று கத்தினார். ஒருவன் படமெடுத்தான். ஒருத்தி அவளிடம் இறால் என்ன விலை என்று கேட்டாள். அந்தப் பயணம் முடியும்வரை கப்பலில் அவளுக்கு இறால்காரர் மகள் என்று பெயர். வீட்டுக்குப் போனதும் சொல்லிவிட்டாள்: "கப்பல் ஆளுங்க முன்னாடி என்னைத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்காதீங்கப்பா." மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தாமல், "சரி மகளே" என்றார்.

அந்தச் 'சரி' ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை.

"சும்மா ஆட்டுற மாதிரி தெரியலையே," என்றான் வில்மர்.

"அவருக்கு வேற வேலையில்ல. பெங்குவின் பக்கம் திருப்பு."

"ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு..."

"திருப்புன்னு சொன்னேன்ல."

முன்வரிசையில் இருந்த இங்க்ரிட் என்ற வயதான பெண் தொப்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "அவர் நம்மளையா கூப்பிடுறார்?"

"இல்லைங்க. எங்க மீனவங்க ரொம்ப சிநேகமானவங்க. வணக்கம் சொல்றார்."

இங்க்ரிட் மகிழ்ந்துபோய்க் கையசைத்தாள். பிறகு எல்லோரும் அசைத்தார்கள். யாரோ அவர்கள் மொழியில் வணக்கம் என்று கத்தினார்கள். நெரெய்தாவும் கையை உயர்த்தி அசைத்தாள். பச்சைப் படகில் சட்டை இன்னும் வேகமாக ஆடியது. வில்மர் மோட்டாரைத் திருப்பினான்.

பெங்குவின்கள் நன்றாகவே தெரிந்தன.

மதியத்துக்கு மேல் கப்பல் நங்கூரம் எடுத்து மேற்கே போனபோது, கேப்டன் தொலைநோக்கியில் அந்தப் படகைக் கண்டார். கரை தெரியாத தூரம். முந்தின நாள் மாலையே அதன் மோட்டார் செத்துவிட்டிருந்தது. நீரோட்டம் வெளிக்கடலுக்கு இழுத்துக்கொண்டு போயிருந்தது. வில்மர்தான் ரப்பர் படகில் போய் அவரை அழைத்து வந்தான்.

நெரெய்தா படியேறி வந்தபோது, மேல்தளத்து நாற்காலியின் நுனியில், அதன் துணி நனைந்துவிடுமோ என்பதுபோல் அவர் உட்கார்ந்திருந்தார். தோளில் கப்பலின் வெள்ளைத் துண்டு. உதடுகள் வெடித்திருந்தன. கையில் தண்ணீர் டம்ளர். சுற்றிலும் பயணிகள் நின்றார்கள். அப்பா என்ற சொல் அவள் வாய்வரை வந்தது.

அவர் முந்திக்கொண்டார். அவள் சட்டையில் இருந்த பெயர்ப்பட்டையைப் பார்த்தார், முகத்தை அல்ல.

"தண்ணிக்கு ரொம்ப நன்றிங்க, சென்யோரீத்தா."

வங்கியில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பெண்ணிடம் பேசும் குரல். கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த வில்மர் தலை நிமிரவில்லை.

"இன்னும் கொஞ்சம் குடிக்கிறீங்களா?" என்று அவள் கேட்டாள். கேட்டது தன் குரல்தான் என்று தெரிந்தபோது காது சுட்டது.

இங்க்ரிட் அவர் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே மஞ்சள் சட்டை ஈரமாகச் சுருண்டு கிடந்தது.

"காலைல பார்த்தவர்தானே இவர்? நாம எல்லாரும் கையாட்டினோமே." அவள் கை தொப்பிக்குப் போய்ப் பாதியில் நின்றது. "அவர்கிட்ட கேளுங்க. அப்பவே உதவிக்குத்தான் கூப்பிட்டாரா?"

எல்லோரும் நெரெய்தாவைப் பார்த்தார்கள். ஒருவர் காமிராவைத் தாழ்த்தினார். ஆங்கிலம் தெரியாத எலியேசர், தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று புரிந்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"அந்தம்மா என்ன கேக்குறாங்க, சென்யோரீத்தா?"