சுவரைப் பார்த்த நாற்காலி

அந்தச் சபையில் பாதுகாப்புப் பொறுப்பாளர் என்று ஒரு பதவி உண்டு. பிள்ளைகளுக்கும் தள்ளாதவர்களுக்கும் சபைக்குள் ஒரு தீங்கும் வராமல் பார்த்துக்கொள்கிற வேலை. சம்பளம் கிடையாது, நன்றி அதைவிடக் கிடையாது. யாரும் முன்வராததால் தையல்காரியின் தலையில் கட்டினார்கள். அவளா சளைத்தவள்! அதற்கான பயிற்சிக்குப் போய்வந்த சூட்டோடு சட்டம் போட்டாள்: சாத்திய கதவுக்குள் ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கவே கூடாது.

"போலீஸ்காரி வந்துட்டாங்கடோய்!" என்று முதலில் கேலி செய்தவன் பாட்டு வாத்தியார். அவளுடைய கூடப்பிறந்த தம்பி. அம்மா வேலைக்குப் போன நாட்களில் அவள் இடுப்பிலேயே தூக்கி வளர்த்தவன். அவனுக்கு அந்த உரிமை இருந்தது.

அவனுக்குத்தான் சட்டத்தால் இடைஞ்சலும் வந்தது. தனிப் பாட்டுப் பாடும் பிள்ளைக்கு ஆராதனைக்கு முன்னால் பயிற்சி கொடுக்க வேண்டும். கதவைத் திறந்து வைத்தால் பக்கத்து அறையில் ஜெபம் செய்கிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள். "சட்டம் போட்டவ நீ, வழியும் நீயே சொல்லுக்கா" என்றான். அவள் சொன்னாள். தபால் தாத்தாவை உள்ளே உட்கார வைக்கலாம்.

தபால் தாத்தா என்பவர் ஓய்வுபெற்ற தபால்காரர். நினைவு வரும், போகும். மகள் அவரைக் காலையிலேயே சபையில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடுவாள். தாத்தாவுக்கும் துணையாச்சு, பிள்ளைக்கும் துணையாச்சு, அறைக்குள் இரண்டு பெரியவர்கள் என்று சட்டமும் நிறைவேறியாச்சு. என்ன மூளை உனக்கு என்று எல்லோரும் மெச்சியதில் அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

அப்புறம்தான் தாத்தா அந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கினார். பயிற்சி முடிந்து தேநீருக்கு வரும்போதெல்லாம் கேட்பார்.

"நான் என்னம்மா தப்பு பண்ணேன்? எதுக்கு என்னைச் சுவத்தப் பாக்க உக்கார வெக்கிறாங்க?"

"உங்களை யாரு தாத்தா அப்படி உக்கார வெப்பா? பாட்டு கேக்கத்தானே போறீங்க?"

"பாட்டு எங்க வருது? ஒரு ஆணிதான் இருக்கு. வளைஞ்ச ஆணி."

அவள் சிரித்துக்கொண்டே தேநீரில் இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடுவாள். செத்துப்போன மனைவியிடமிருந்து கடிதம் வந்ததா என்று போதகரிடமே விசாரித்த மனிதர். அவர் பேச்சை யார் காதில் போட்டுக்கொள்வார்கள்?

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பாட்டுக் குழுப் பிள்ளைகளுக்கு அங்கி தைக்க அளவெடுத்துக்கொண்டிருந்தாள். கடைசியாக வந்தவள் தனிப் பாட்டுக்காரச் சிறுமி. நாடாவைத் தோளில் வைத்ததும் பிள்ளை நழுவி ஒதுங்கிக்கொண்டது.

"எனக்கு அங்கி வேணாம் ஆன்ட்டி. நான் தனிப் பாட்டு பாடல."

"ஏண்டி கண்ணு, தொண்டை கட்டிக்கிச்சா?"

இல்லை என்று தலையாட்டினாள். செருப்பு நுனியையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "தபால் தாத்தா திரும்பியே பாக்க மாட்டேங்கிறாரு. சார் நாற்காலியைத் திருப்பிப் போட்டுடுவாரு. நான் கூப்பிட்டா, அவருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சார் சொல்றாரு. ஆன்ட்டி, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

சொல்ல மாட்டேன் கண்ணு என்று தையல்காரிக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள்: துருவிக் கேட்காதே, ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்காதே. வந்த வார்த்தையை விழுங்கினாள்.

"அப்படி வாக்கு குடுக்க முடியாதுடா. உனக்கு உதவி பண்றவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன். நீ என்கிட்ட சொன்னது ரொம்ப நல்லது. உன் மேல ஒரு தப்பும் இல்ல."

பிள்ளையைக் கையோடு கூட்டிப்போய் அவள் அம்மாவிடம் ஒப்படைத்தாள். "இன்னிக்கு இவளை உங்க பக்கத்துலயே வெச்சுக்குங்க. இனிமே தனி கிளாஸ் வேணாம். நான் உடனே வந்து பேசுறேன்" என்றாள். அம்மாவின் முகம் மாறியதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளுக்குத் தெம்பில்லை.

பயிற்சி அறை காலியாக இருந்தது. தாத்தாவின் நாற்காலி ஒழுங்காக பியானோவைப் பார்த்தபடி கிடந்தது. அதில் உட்கார்ந்தாள். பியானோ தெரிந்தது, ஜன்னல் தெரிந்தது, ஆணி எதுவும் தெரியவில்லை. அப்பாடா! கிழவர் எங்கேயோ பார்த்ததைச் சொல்லியிருக்கிறார், பிள்ளை எதையோ தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறது, என் தம்பி என் தம்பிதான். அந்த நிம்மதியோடு எழுந்து போயிருக்கலாம். பாழாய்ப்போன மனசு விடவில்லை. நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

மூக்குக்கு நேரே ஒரு வளைந்த ஆணி.

"என்னக்கா, போலீஸ்காரி சுவத்தை விசாரிக்கிறாங்களா?"

தம்பி வாசலில் நின்றான். "அங்கிக்கு அளவு பாத்து முடிச்சேன், கால் வலிக்குதுன்னு உக்காந்தேன்" என்று எழுந்தாள். அவன் பேசிக்கொண்டே, பார்க்காமலேயே, ஒரு கையால் நாற்காலியைச் சுழற்றிப் பழைய இடத்தில் வைத்தான். பழகிய கை.

"மத்தியானம் சாப்பிட வரேன்க்கா. எனக்கும் சேர்த்து வெச்சுடு."

அவள் தலையை ஆட்டினாள். அவனைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது, ஓடிப்போய்விடுடா என்று சொல்ல வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் போதகரிடம் போனாள்.

போதகர் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "அவசரப்படாதீங்கம்மா. அவர்கிட்ட நான் தனியாப் பேசிப் பாக்குறேன். சின்னப் பிள்ளை, நினைவு தப்பின மனுஷன், இவங்க பேச்சை வெச்சு வெளிய போனா சபை பேரு என்ன ஆகும்? உங்க தம்பியாச்சே!"

"என் தம்பிதான் ஐயா. அதனாலதான் எனக்கு நின்ன இடத்துல நிக்க முடியல. என்ன நடந்துச்சுன்னு விசாரிக்கிறது உங்க வேலையும் இல்ல, என் வேலையும் இல்ல. சொல்ல வேண்டிய இடத்துல சொல்றதுதான் என் வேலை. அதுக்கு முன்னாடி அவன் காதுல ஒரு வார்த்தை போட்டீங்கன்னா, அதையும் சேர்த்துத்தான் சொல்லுவேன்."

சபைச் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தாள். பிள்ளை சொன்னதை அப்படியே சொன்னாள், கூட்டாமல், குறைக்காமல். நாற்காலியைச் சொன்னாள். ஆணியைச் சொன்னாள்.

"அந்த ஆசிரியர் உங்களுக்குச் சொந்தமா?"

"தம்பி. நான் தூக்கி வளர்த்த தம்பி."

"அந்த அறைக்குள்ள வேற யாராவது இருந்தாங்களா?"

"ஒரு பெரியவர் இருந்தாரு. அவரை உக்கார வெச்சது நான். அவரு என்கிட்ட திரும்பத் திரும்பச் சொன்னாரு, நான்தான் கேக்கல. அவருக்கும் யாராவது வந்து பேசணுங்க."

உடனே ஆள் அனுப்புவதாகச் சொல்லித் தொலைபேசியை வைத்தார்கள். அப்போதுதான் மூலையில் அசைவு தெரிந்தது. தபால் தாத்தா தேநீருக்காக முன்னமே வந்து உட்கார்ந்திருந்தார். யாரும் சொல்லாமலேயே நாற்காலியைச் சுவர்ப் பக்கம் இழுத்துப் போட்டு, கைகளை மடியில் வைத்திருந்தார்.

"அம்மா," என்றார், தலையைத் திருப்பாமல். "நான் இப்பத் திரும்பிக்கலாமா?"