யாரும் உட்காராத சோபா

கிட்ட வாங்க என் கண்ணுங்களா, இன்னும் கிட்ட. நாற்காலி போதவில்லை என்றால் கட்டிலில் ஏறிக்கொள்ளுங்கள். விரிப்பு கசங்கினால் கசங்கட்டும், கசங்கத்தானே விரித்திருக்கிறது. ஒரு பெண் தன் வீட்டு சோபாவில் உட்கார்ந்த கதை சொல்லப்போகிறேன். இதெல்லாம் ஒரு கதையா, உட்காருவது ஒரு வீரமா என்று இப்போதே கேட்டுவிடாதீர்கள். முடிந்ததும் நீங்களே சொல்லுங்கள்.

அவள் ஒரு பெரிய ஃபர்னிச்சர் கடையில் விற்பனைப் பெண். மாடிக்கு மாடி சோபா. "உட்கார்ந்து பாருங்க மேடம், மேகத்துல உட்கார்ந்த மாதிரி இருக்கும்" என்று நாளெல்லாம் சொல்வாள். அவள் மட்டும் எந்த மேகத்திலும் உட்கார்ந்ததில்லை. மேலே கேமரா, கீழே மேனேஜர். கடை மூடும்வரை நின்றே தீரவேண்டும். வீடு திரும்பும்போது கால் இரண்டும் வீங்கியிருக்கும். செருப்பு வார் பதிந்த தடம் தூங்கி எழுந்தாலும் போகாது. இப்படியே நின்றால் கால் ஒத்துழைக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவள் வீட்டிலும் ஒரு சோபா இருந்தது. அதே கடையில், அவள் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கும் தவணையில் வந்தது. நல்ல பச்சை நிறம், அகலக் கைப்பிடி. கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. பிளாஸ்டிக் கிழியாமல் இருக்க மேலே பூப்போட்ட துணி உறை. துணி உறை அழுக்காகாமல் இருக்க அதற்கும் மேலே ஒரு பழைய போர்வை. பாவம், அந்த சோபாவுக்குக் குளிர்காலமே தெரியாது.

அவள் புருஷன் நல்லவர்தான். குடியில்லை, சீட்டில்லை. ஆனால் தள்ளுபடி என்று காதில் விழுந்தால் போதும், கால் தானாக நடக்கும். தெருவில் அவருக்கு 'ஆஃபர்' என்றே பெயர். பழம் பிழியும் மெஷின் பெட்டி பிரிக்காமல் பரண்மேல் இருந்தது. பரண் தூசியை உறிஞ்ச வாங்கிய மெஷினும் பெட்டி பிரிக்காமல் அதற்குப் பக்கத்திலேயே இருந்தது. நடைப்பயிற்சி மெஷினில் துணி காய்ந்தது.

"அதுல எப்பங்க நடப்பீங்க?"

"ஷூ வாங்கணும்ல? ஆஃபர் வரட்டும்."

அசதியில் அவள் தரையில் உட்கார்ந்து சோபாவில் முதுகைச் சாய்த்தால்கூடப் பதறிவிடுவார். "சாயாத, சாயாத! அமுங்கிடும். விருந்தாளி உட்கார வாங்கினது."

"போன மாசம் உங்க அக்கா வந்தப்ப பிளாஸ்டிக் நாற்காலியைத்தானே போட்டீங்க?"

"அக்கா விருந்தாளியா? வீட்டு மனுஷி."

"அப்ப விருந்தாளின்னா யாருங்க?"

அது அவருக்கே தெரியாது.

அவளுக்கு ஒரே ஒரு நம்பிக்கை. தவணை முடிய இன்னும் இரண்டு மாதம்தான். முடிந்ததும் அரை நாள் வேலைக்கு மாறிக்கொள்வதாக மேனேஜரிடம் சொல்லி வைத்திருந்தாள். அரை நாள் நின்றால் கால் தாங்கும்.

அந்த நேரம் பார்த்து ஒருநாள் ஆஃபர் வாயெல்லாம் பல்லாக வந்தார். "உங்க கடையில எக்ஸ்சேஞ்ச் போட்டிருக்காங்க! பட்டனைத் தட்டினா கால் தூக்குற சோபா. நம்மது உறை பிரிக்காம, யாரும் உட்காராம இருக்கில்ல? முழு விலைக்கு எடுத்துக்குவாங்களாம். நாளைக்கு ஆள் வந்து பாக்குறான்."

"மீதிப் பணம்?"

"உன் சம்பளத்துலதான் பிடிக்கிறாங்களே. அது இன்னும் ரெண்டு வருஷம் ஓடிட்டுப் போகுது."

"அந்த சோபாவுலயாவது உட்காரலாமா?"

"மோட்டார் வெச்சது அது! சும்மா சும்மா உட்கார்ந்தா என்னத்துக்கு ஆகும்?"

அவள் காலுக்கு வெந்நீர் வைக்கப் போனாள்.

மறுநாள் காலை புது சோபா சமாசாரம் கேட்டு நாத்தனாரும் வந்துவிட்டாள். வழக்கமான பிளாஸ்டிக் நாற்காலியில் முழங்காலைத் தேய்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கீழே வண்டிச் சத்தம். ஆளை அழைத்துவர ஆஃபர் படியிறங்கி ஓடினார்.

அவள் காய் நறுக்கிய கத்தியோடு கூடத்துக்கு வந்தாள். போர்வையை உருவினாள். பூப்போட்ட உறையை உருவினாள். பிளாஸ்டிக்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பர்ரென்று கிழித்தாள். பிறகு உட்கார்ந்தாள்.

அம்மாடி! நாளெல்லாம் அவள் சொன்ன பொய், பொய்யில்லை. மேகம்தான்.

"அடியே, என்ன பண்ற?" என்று நாத்தனார் அலறினாள்.

"உட்கார்றேன் அண்ணி. நீங்களும் வாங்க."

"தம்பி கத்துவானே!"

"உங்களையுமா?"

நாத்தனார் வாசலைப் பார்த்தாள், தன் முழங்காலைப் பார்த்தாள். "கத்தட்டுமே, நான் பார்க்காத கத்தலா!" என்று எழுந்து வந்து பொத்தென்று உட்கார்ந்தாள்.

ஆஃபர் உள்ளே வந்தார். கிழிந்த பிளாஸ்டிக்கைப் பார்த்ததும் முகம் பேயறைந்தது போலாயிற்று. "எழுந்திரு! முதல்ல எழுந்திரு!"

"மாட்டேன். ஊரார் சோபாவுக்கு நாளெல்லாம் காவல் நிக்கிறேன். வீட்டு சோபாவுக்கும் காவல் நிக்க என்கிட்ட வேற கால் இல்ல. கால் தூக்குற சோபாதானே கேட்டீங்க? இதோ, காலை நானே தூக்கி வெச்சுட்டேன், பட்டனே வேண்டாம். ரெண்டு மாசம் கழிச்சு எனக்கு அரை நாள் வேலைதான். புதுசு வேணும்னா உங்க சம்பளத்துல வாங்கி, பக்கத்துல நீங்களே நின்னு பார்த்துக்குங்க."

கூடவந்த ஆள் அவள் கடையிலேயே மூன்றாம் மாடியில் வேலை பார்க்கும் பையன். தொண்டையைச் செருமினான். "சார், இது உபயோகிச்ச சோபாங்க. கால்வாசி விலைகூடத் தேறாது."

"இப்பத்தான்யா உட்கார்ந்தா!"

"உட்கார்ந்தா உட்கார்ந்ததுதான் சார்."

"நீயும் உட்காரு தம்பி," என்றாள் அவள். "இங்க கேமரா இல்ல."

பழக்கதோஷம், அவன் கூரையின் நாலு மூலையையும் ஒருமுறை பார்த்துக்கொண்டான். பிறகு உட்கார்ந்து, கண்ணை மூடி, "அக்கா..." என்றான்.

நாத்தனார் சிரித்தாள். "பாருடா, உன் சோபாவுக்கு விருந்தாளி வந்தாச்சு!"

சொந்த வீட்டில் ஆஃபர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அவருக்கும் கால் வலித்தது. "மெத்துனு இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வந்து பாருங்க. நான் எழுந்திருக்க மாட்டேன். வேணும்னா நகர்றேன்."

அவள் கொஞ்சம் நகர்ந்தாள். அவர் விளிம்பில் தொற்றிக்கொண்டார்.

"நல்லா சாஞ்சு உட்காருடா," என்றாள் நாத்தனார். "அமுங்கினா அமுங்கட்டும்."

அவ்வளவுதான் கண்ணுங்களா. உங்கள் வீட்டில் வாங்கினதெல்லாம் தேயட்டும், கசங்கட்டும், பிள்ளைகள் கைபட்டுக் கறையாகட்டும். உழைத்துக் கொண்டுவந்த காலுக்கு முதல் இடம் கிடைக்கட்டும். உட்கார்ந்த உங்களை எழுப்ப எவரும் வராத வீடாக உங்கள் வீடு என்றும் நன்றாக இருக்கட்டும்.