நாற்பத்தொரு ஒபேராக்கள்

வகுப்புக்கு ஐம்பது நிமிடம் இருக்கும்போதுதான் யாமினிக்குத் தன் பிழை தெரிந்தது.

பரமட்டாவில் செவ்வாய்தோறும் மாலையில் நடக்கும் மேற்கத்திய இசை வரலாற்று வகுப்பில் இன்று அவள் பத்து நிமிடம் பேச வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் ஊர் ஊராகப் போய் ஒபேரா என்னும் இசைநாடகங்கள் எழுதிய லூக்கா பெரெட்டி என்ற இத்தாலியரைத் தேர்ந்தெடுத்திருந்தாள். முப்பது வருடம், பதினேழு நகரம், நாற்பத்தொரு ஒபேரா. ஆண்டு, ஊர், தலைப்பு என்று அட்டவணை போட்டு, போன ஊருக்கெல்லாம் புதிதாக எழுதிக் கொடுத்த மனிதர் என்று முடித்திருந்தாள். போன வாரம் வகுப்பில் அதைப் பெருமையாகச் சொல்லியும் விட்டாள்.

மெரிலேண்ட்ஸில் சுகிர்தனின் காரில் ஏறியதும், இன்னொரு முறை சரிபார்ப்போமே என்று வெனிஸ் பாட்டு ஒன்றையும் பத்தொன்பது வருடம் கழித்து ஸ்டுட்கார்ட்டில் எழுதிய பாட்டு ஒன்றையும் அடுத்தடுத்துப் போட்டாள். தலைப்பு வேறு, கதாநாயகியின் பெயர் வேறு. மெட்டு ஒன்றேதான். வேறு சிலவற்றையும் போட்டுப் பார்த்தாள். அவையும் அப்படித்தான்.

"நாப்பத்தொண்டு இல்லை சுகிர்தன். முப்பது கூட வராது."

சுகிர்தன் அதே வகுப்புக்கு வருபவன். நடன அரங்கேற்றங்களுக்கு வயலின் வாசிப்பான்.

"அதுக்கேன் முகத்தைத் தூக்கி வச்சிருக்கிறீர்? போன மாசம் டூங்கபியில வாசிச்ச தில்லானாவைத்தான் நான் இந்த மாசம் மெல்பேர்னிலயும் வாசிச்சனான். ஆரும் கேக்கேல்லை."

"நீர் அதைப் புதுசு எண்டு சொல்லேல்லையே. நான் சொல்லிப்போட்டன்."

"பேசாமல் விடும். அங்க ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்."

"அப்ப உமக்கு மட்டும் தனியா ஒரு வகுப்பு வைக்கச் சொல்லுவம்."

அவள் சிரிக்கவில்லை. சிவப்பு விளக்கில் நின்றபோது அவன் ஒலியைக் கூட்டினான். "ரெண்டாவதில மேல் சுரங்கள் இல்லை. பாடினவவுக்கு எட்டேல்லைப் போல."

யாமினி குறிப்புகளைப் புரட்டினாள். இரண்டு ஊரிலும் முதலில் பாடியது ஒரே பாடகி. வெனிஸில் அவளுக்கு இருபத்தைந்து வயது, ஸ்டுட்கார்ட்டில் நாற்பத்துநான்கு. மறுபடி கேட்டாள். முன்பு குரல் ஏறிய இடத்தில் இப்போது ஒரு குழல் ஏறியது. பாடகி அதற்குள் மூச்சு வாங்கிக்கொண்டு கீழிருந்து தொடர்ந்தாள். தலைப்புகளையே பார்த்துக்கொண்டிருந்த யாமினியின் அட்டவணையில் பாடகருக்கென்று ஒரு கட்டம்கூட இல்லை.

வகுப்பில் எழுந்து நின்றதும் முதலில் அதைச் சொன்னாள். "போன வாரம் நான் சொன்ன எண்ணிக்கை பிழை. திரும்ப எண்ண வேண்டும்." வீட்டில் நான்கு தடவை நேரம் பார்த்துப் பழகிய பேச்சில் முக்கால்வாசியை விட்டுவிட்டு, பாடகியின் வயதை இரண்டு ஊருக்கும் சொல்லி, இரண்டு பாட்டையும் போட்டுக் காட்டினாள்.

"அப்படியானால் அவர் ஒரு சோம்பேறியா?" என்று ஆசிரியர் கேட்டார்.



"சில இடங்களில் அப்படியும் இருக்கலாம்," என்றாள். "ஆனால் இங்கே இல்லை." இரண்டாவது பாட்டைப் பின்னுக்கு இழுத்து, குழல் ஏறும் இடத்திலிருந்து மறுபடி ஓடவிட்டாள்.